மரமில்லாத நிழலில் ஒரு கார்

சிப்பிவிளைக்குச் சாலை பிரியும் விலக்கில், பஸ் நிறுத்தத்தை ஒட்டி நின்ற தூங்குமூஞ்சி மரத்தை, சாலையை அகலப்படுத்துவதற்காக ஒரு வைகாசி மாதத்தில் வெட்டினார்கள். கிளை கிளையாகக் கழித்து, அடிமரத்தைத் துண்டு போட்டு லாரியில் ஏற்றி, வேரையும் எந்திரம் வைத்துப் பறித்தெடுத்து, குழியை மூடி, சல்லி பரப்பித் தார் ஊற்றி, எல்லாம் முடிந்து ஆட்கள் கிளம்பிப் போன பிறகும் மரத்தின் நிழல் மட்டும் கிளம்பவில்லை. அது எப்போதும்போலக் காலையில் மேற்கே சாய்ந்து சவரிமுத்துவின் மாவு மில் முற்றத்தில் கிடந்தது. உச்சிவேளையில் புதுச் சாலைமேல் சுருங்கிக் கிடந்தது. வெயில் இறங்க இறங்கக் கிழக்கே நகர்ந்து ராயப்பன் அண்ணாச்சியின் காலி மனையில் நீண்டு கிடந்தது. மாசியில் இலையுதிர்த்து ஓட்டை ஓட்டையாக வெளிறியது, சித்திரையில் மறுபடி அடர்ந்தது. அந்த மரம் பொழுது சாயும் நேரத்தில் இலைகளை மடக்கிக்கொள்ளும் வழக்கப்படி நிழலும் அந்நேரம் கொஞ்சம் மெலிந்தது. மழையும் அந்த இடத்துக்கு மட்டும் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தது. ஊரெல்லாம் மழை விட்ட பிறகும் அங்கே கொஞ்ச நேரம் சொட்டிக்கொண்டிருந்தது.

முதலில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே வானம்தான் இருந்தது. கழுத்து வலித்தது, பார்ப்பதை விட்டுவிட்டார்கள். வேலை முழுசாக முடியவில்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்துபோன ஒப்பந்தக்காரர் மட்டும் ஒரு பொறியாளரை அழைத்து வந்தார். அவர் நிழலின் ஓரமாகவே ஒரு சுற்று நடந்துவிட்டு, மரத்தை அகற்றச் சொல்லித்தான் எழுதியிருக்கிறது, நிழலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்று சொல்லி, அதே நிழலில் நின்று பாக்கியத்திடம் நுங்கு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். பாக்கியம் அங்கே வெகுகாலமாக நுங்கு விற்பவள். நிழல் நகர நகரக் கூடையோடு நகர்ந்து உட்காருவது அவளுக்கு மரம் இருந்தபோதே பழக்கம். மில்லுக்கு மிளகாய் கொண்டுவந்த பெண்கள், முற்றத்தில் காயப்போட ஒரு பொட்டு வெயில் இல்லையே என்று சலித்துக்கொண்டார்கள், மரம் இருந்தபோதும் அப்படித்தான் சலித்துக்கொண்டார்கள். இப்படியாக நிழல் ஊரோடு பழகிப்போயிற்று. ஊரால் பழக முடியாமல் போனது சண்முகவடிவின் காரோடுதான்.

சண்முகவடிவு அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை பார்த்தாள். காலையிலிருந்து மதியம் வரை சின்ன ஜன்னலுக்குப் பின்னால் நின்று, நீட்டப்படும் சீட்டுகளை வாங்கி, மாத்திரைகளை எண்ணிப் பொட்டலம் கட்டி, சாப்பாட்டுக்கு முன்னாடி, சாப்பாட்டுக்குப் பின்னாடி என்று சொல்லிச் சொல்லி அனுப்புவாள். அந்த மாத்திரைகளால் யாருக்கு என்ன குணமானது என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. குணமானவர்கள் அந்த ஜன்னலுக்குத் திரும்பி வருவதில்லை. அவளுக்குக் கை சும்மா இருக்காது. வீட்டு மிக்சியையும் கிரைண்டரையும் பிரித்து மாட்டி, பிறகு புருஷனின் ஸ்கூட்டரைப் பிரித்து மாட்டி, ஒருநாள் பழைய இரும்புக்கடை வாசலில் நசுங்கக் காத்துநின்ற ஒரு பியட் காரைப் பார்த்ததும் கால் நகராமல் நின்றுவிட்டாள். வெள்ளையாக இருந்து மஞ்சளாகிப்போன கார். பானெட்டைத் திறந்தால் உள்ளே எலிக்கூடு. மறுவாரமே அதை வாங்கிவிட்டாள்.

அவள் புருஷன் ஆதிலிங்கம் உப்புக் கம்பெனியில் கணக்கு எழுதுபவர், அதிகம் பேசாதவர். காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுக் கேட்டார்.

"இத என்ன செய்யப்போற?"

"சரி பண்ணப்போறேன்."

"சரி பண்ணி?"

"சரி பண்ணத்தான்."

அவர் அன்றைக்குச் சாயங்காலம், எண்ணெய் துடைக்க ஆகும் என்று, தன் பழைய வேட்டிகளைக் கிழித்து ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குமேல் அந்த விஷயத்தில் அவர் எதுவும் கேட்டதில்லை.

ஆனால் மற்ற எல்லோரும் கேட்டார்கள். வாடகை வீட்டுச் சொந்தக்காரம்மா, வாசலில் எண்ணெய் சொட்டுகிறது, வீட்டை மெக்கானிக் கடையாக்கிவிட்டீர்கள் என்று காரை வெளியே எடுக்கச் சொன்னாள். வடிவு இடம் தேடப் புறப்பட்டாள். பட்டறை வைத்திருந்தவரிடம் ஓரமாக ஒரு மூலை கேட்டபோது, தொழிலா என்று கேட்டார், இல்லையென்றதும் அப்படியென்றால் வண்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள் என்றார். உப்பு மூட்டை அடுக்கும் குடோனில் கேட்டாள். தொழிலா என்று கேட்டு, தொழிலுக்கான அட்வான்சும் வாடகையும் சொன்னார்கள், அது அவள் சம்பளத்தில் பாதியைத் தின்னும். கல்யாண மண்டபத்தின் பின்கட்டில், மூடிக்கிடந்த ஐஸ் பேக்டரியில், மீன்வலை வைக்கும் கொட்டகையில் எல்லாம் கேட்டாள். எங்கேயும் அதே கேள்வி. தொழில் என்றால் வாடகை, தொழில் இல்லையென்றால் சந்தேகம். விற்கவும் இல்லை, டாக்சி ஓட்டவும் இல்லை, யாரிடமும் கூலி வாங்கவும் இல்லை, பிறகு எதற்காக ஒரு பொம்பளை காருக்கடியில் படுக்கிறாள் என்று யாருக்கும் விளங்கவில்லை. வெட்டவெளி சும்மா கிடைத்தது, கூரைதான் காசு கேட்டது. வெட்டவெளியில் வைத்துப் பார்த்தாள். அந்த ஊர் வெயிலில் ஸ்பானரைத் தொட முடியவில்லை, கை கொப்பளித்தது.

அப்படி ஒரு மதியம், கொப்பளித்த கையோடு பஸ்ஸுக்கு நின்றபோதுதான், தான் நிற்பது நிழலில் என்பது அவளுக்கு உறைத்தது.

ராயப்பன் அண்ணாச்சி உப்பளத்தை விற்ற காசில் அந்த மனையை வாங்கிப் போட்டிருந்தார். என்றைக்காவது குடோன் கட்டலாம் என்ற எண்ணம். வடிவு போய்க் கேட்டபோது, "கொஞ்ச நாளைக்குன்னா நிறுத்திக்கிடும்மா" என்றார், வேறெதுவும் கேட்கவில்லை. டூட்டி முடிந்து அவள் வந்து சேரும் நேரமும் நிழல் மனைக்கு வந்து சேரும் நேரமும் ஒன்றாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது. அன்றைக்குக் காலையில் முற்றத்தில் வைத்துக்கொள்ளச் சவரிமுத்து சம்மதித்தார். ஆகவே ஞாயிறுதோறும் காலை வேலை மேற்கே, மாலை வேலை கிழக்கே, நடுவில் சாலை. உச்சியில் நிழல் சாலையைக் கடக்கும்போது காரும் கடந்தாக வேண்டும். எஞ்சின் ஓடாத காரை ஆதிலிங்கமும் அவளும் தள்ளினார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் கை கொடுத்தார்கள். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் நின்றன, ஒன்றிரண்டு டிரைவர்கள் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டு இறங்கி வந்து தோள் கொடுத்தார்கள். பாக்கியம் கூடையை ஓரமாக வைத்துவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். அது ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகிவிட்டது. ஒருநாள் காரைத் தள்ளாமல் பஸ் ஏறியவர்கள், எதையோ மறந்து வைத்துவிட்டு வந்ததுபோல ஊர்போய்ச் சேரும் வரை இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

எஞ்சினை வெளியே எடுத்ததும் அப்படித்தான். எங்கேயும் மெக்கானிக்குகள் மரக்கிளையில் சங்கிலி கட்டித் தூக்குவார்கள். இங்கே கிளையின் நிழல் இருந்தது, கிளை இல்லை. ஆதிலிங்கம் தரையில் கிடந்த கிளை நிழலைப் பார்த்தார், மேலே பார்த்தார். சவரிமுத்துதான் மில்லுக்குப் பின்னாலிருந்து சவுக்குக் கட்டைகளைக் கொண்டுவந்தார். எஞ்சினைக் கயிற்றால் பிணைத்துக் கட்டைகளில் கட்டி, முன்னால் நாலு பேரும் பின்னால் நாலு பேரும் தோளில் வாங்கி, ஒருத்தர் குரல் கொடுக்க மற்றவர்கள் எதிர்க்குரல் கொடுத்து, மெல்ல மெல்லத் தூக்கி, அடியெடுத்து வைத்து நகர்ந்து வந்தார்கள். பார்ப்பதற்குத் திருவிழாவில் சப்பரம் வருவதுபோலவே இருந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

அவள் கும்பிட்ட அந்த நேரத்தில்தான் ஊருக்கு விஷயம் விளங்கிற்று. இது தொழில் இல்லை, கிறுக்கும் இல்லை, நேர்த்திக்கடன். சண்முகவடிவுக்கு ஏதோ வேண்டுதல். செத்துப்போன ஒரு வண்டியை உயிரோடு ஓட்டிக் காட்டுவதாக நேர்ந்துகொண்டிருக்கிறாள். விளங்கியதும் எல்லோருக்கும் மனசு லேசாயிற்று. எந்தச் சாமிக்கு என்பதில் மட்டும் ஒவ்வொருத்தரும் ஒன்று சொன்னார்கள். மாதா என்றார்கள், அம்மன் என்றார்கள், தர்காவுக்கு என்றார்கள், அவரவர் கும்பிடும் இடத்தையே சொன்னார்கள். வடிவிடம் யாரும் நேராகக் கேட்கவில்லை, வேண்டுதலைக் கேட்கக் கூடாது. அவளும் காதில் விழுந்ததை மறுக்கவில்லை. முதல் தரம் சிரித்தாள், அடுத்த தரம் சும்மா இருந்தாள், பிறகு மறுப்பதற்கான நேரம் கடந்துபோயிற்று. பிஸ்டன் மாற்றி, வால்வு தேய்த்து, எஞ்சினை மறுபடி காருக்குள் இறக்கும் நாள் வந்தபோது, தோள் கொடுக்க வந்தவர்கள் குளித்துவிட்டு வந்திருந்தார்கள்.

குடோன் கட்டுவதற்கு முன்னால் காம்பவுண்டு சுவர் எழுப்ப, ராயப்பன் கொத்தனாரோடு வந்து நின்றது அதற்கு அடுத்த மாதம். காரை எடுத்துவிடும்மா என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் பஸ் நிறுத்தமே எழுந்து வந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. சவரிமுத்து அவரைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார். ராயப்பன் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர் என்று பெயரெடுத்த மனுஷர். வேண்டுதல் என்றதும் கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் ஒரு சாமந்தி மாலையோடு வந்து பானெட்டின்மேல் அதை அவரே போட்டார்.

"எம் பொண்டாட்டிக்கு ரெண்டு காலும் வீங்கிக் கெடக்கு. உனக்குத் தெரியும்லா, உங்கிட்டதான் மாத்திர வாங்குதா" என்றார். "நீ நேந்துக்கிட்டது முடியும்போது அவளுக்காவும் ஒரு வார்த்த வேண்டிக்கிடும்மா."

வடிவு கையிலிருந்த கார்புரேட்டரைத் துணியில் வைத்தாள். இன்னாசியம்மாளை அவளுக்குத் தெரியும். மாசாமாசம் ஜன்னலுக்கு வந்து, இந்த மாத்திரை போட்டால் நடந்துருவேனாம்மா என்று கேட்பவள். அந்தக் கேள்விக்கு வடிவு ஒருநாளும் பொய் சொன்னதில்லை. டாக்டர் சொன்னமாதிரி போடுங்கம்மா என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

"அண்ணாச்சி, இதுல வேண்டுதல் ஒண்ணும் இல்ல."

"அப்புறம்?"

"எனக்குப் பிடிச்சிருக்கு. அதான் செய்யுதேன்."

ராயப்பன் காரைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். கோபம் வந்த முகம் இல்லை அது. கணக்கு உதைக்கிற முகம்.

"வேண்டுதல்னா என்னைக்காவது ஒருநா முடிஞ்சிரும்" என்றார். "பிடிச்சிருக்குன்னா அது எப்பம்மா முடியும்?"

"தெரியல அண்ணாச்சி."

"அதுக்கு நான் எப்பிடி எடத்தப் போட்டு வைக்க?"

அவர் மாலையை எடுத்துக்கொள்ளவில்லை. சுவர் எழும்புகிறவரைக்கும் நிறுத்திக்கொள், பிறகு எடுத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை கொத்தனார் வந்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார். பின்பக்கம் முதலில், பிறகு இரண்டு பக்கவாட்டிலும், செங்கல் வரிசை வரிசையாக ஏறியது. சாலைப் பக்கம் மட்டும் இன்னும் தொடவில்லை. வடிவு தினமும் டூட்டி முடிந்து வந்து, நாளுக்கு நாள் உயரும் சுவருக்கு நடுவில் படுத்துக்கொண்டு பிரேக் லைனையும் ஒயரையும் சரிசெய்தாள்.

சுவரைவிட ஊரின் மௌனம்தான் அவளுக்குக் கனமாக இருந்தது. சாமிக்காகத் தோள் கொடுத்தோம் என்று நினைத்திருந்தவர்களுக்கு, ஒரு பொம்பளையின் ஆசைக்காகத் தோள் கொடுத்திருக்கிறோம் என்று தெரிந்தபோது ஏமாந்ததுபோல ஆகிவிட்டது. குளித்துவிட்டு வந்தவர்களுக்குக் கூடுதலாக ஏமாற்றம். திட்டவில்லை யாரும். பஸ்ஸுக்கு நிற்கும்போது மனைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள், அவ்வளவுதான்.

"ஏன் சொன்னிய?" என்று சவரிமுத்து மெதுவாகக் கேட்டார். "அப்பிடியே இருந்திருக்கலாம்லா. யாருக்கு என்ன நட்டம்?"

"அந்தம்மாவுக்கு நட்டம் அண்ணாச்சி. கால் சரியாயிரும்னு நம்பி உக்காந்திருப்பாவ."

சவரிமுத்து ஞாயிற்றுக்கிழமைக்கு முற்றத்தைக் கூட்டி வைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே ஆதிலிங்கமும் அவளும் காரைச் சாலை தாண்டி முற்றத்தில் இறக்கிவிட்டார்கள். காலை முழுவதும் வடிவு அங்கே வேலை செய்தாள். கார்புரேட்டரை மாட்டினாள், பெட்ரோல் ஊற்றினாள். பேட்டரி பழசு, சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஒரு முனகலோடு நின்றுபோனது. பொழுது உச்சிக்கு ஏறியது, நிழல் முற்றத்தை விட்டுச் சாலைக்கு நகரத் தொடங்கியது, காரின் பின்பக்கம் வெயிலில் நனைந்தது. ஆதிலிங்கமும் அவளும் தள்ளினார்கள். கார் முற்றத்தின் விளிம்பு வரை வந்தது. அங்கே புதுச் சாலை ஒரு கையளவு உயரமாக இருந்தது. அதில் ஏறாமல் பின்னால் உருண்டது. மறுபடி தள்ளினார்கள், மறுபடி உருண்டது. ஆதிலிங்கத்துக்கு மூச்சு வாங்கியது. சாலைக்கு அந்தப்பக்கம் ராயப்பன், பூசை முடிந்து வந்த வெள்ளைச் சட்டையோடு, புதுச் சுவருக்குக் குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பஸ் நிறுத்தத்தில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். யாரும் திரும்பவில்லை.

வடிவு பானெட்டில் சாய்ந்து நின்றாள். அழுகை வரவில்லை, களைப்புதான் வந்தது. இதை அந்த இரும்புக்கடைக்காரரே திரும்ப எடுத்துக்கொள்வார் என்று ஒரு நினைப்பு வந்தது, அது வந்ததும் நிமிர்ந்து நின்றாள்.

பாக்கியம் கூடையைத் தூக்கிக்கொண்டு நிழலோடு நகர்ந்து வந்துகொண்டிருந்தாள். காருக்குப் பக்கத்தில் வந்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு முந்தானையைச் செருகினாள்.

"யக்கா, இதுல ஒனக்குப் புண்ணியமும் கெடையாதாம்" என்று நிறுத்தத்திலிருந்து ஒருத்தர் சொன்னார்.

"எனக்கு என்னைக்கு இருந்துச்சு புண்ணியம்?" என்றாள் பாக்கியம் அந்தப்பக்கம் திரும்பாமலே. "ஞாயித்துக்கெழம ஆனா இதத் தள்ளணும் போல இருக்கு. அதான் தள்ளுதேன். ஒமக்கு அப்பிடி இல்லன்னா நில்லும்."

நிறுத்தத்தில் ஒன்றிரண்டு தலைகள் திரும்பின. பிறகு அப்படிச் சொன்னவரே கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். அவர் பின்னால் இன்னொருத்தர். எதையோ மறந்து வைத்துவிட்டதுபோல இத்தனை நாளும் திரிந்தவர்கள் ஒவ்வொருத்தராக வந்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், பழைய இடங்களில் கை வைத்தார்கள். உப்பு ஏற்றிவந்த லாரி ஒன்று தானாக நின்றது. சவரிமுத்து மில்லுக்குள்ளிருந்து பலகை கொண்டுவந்து விளிம்புக்கு அணை கொடுத்தார்.

"நீ உள்ள ஏறு வடிவு" என்றார் ஆதிலிங்கம்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பி வைத்து, கிளட்சை மிதித்து, கியரைப் போட்டுக்கொண்டாள். கார் பலகைமேல் ஏறி, ஒரு குலுக்கலோடு சாலைக்கு வந்து, தார்மேல் கிடந்த நிழலுக்குள் நுழைந்து, வேகம் பிடித்தபோது காலை எடுத்தாள். கார் ஒரு தரம் தும்மியது, நின்றுவிடும்போல உதறியது, மறுபடி தும்மியது, கறுப்பாகப் புகைவிட்டுத் தள்ளியவர்கள் சட்டையையெல்லாம் கரியாக்கிவிட்டு ஓடத் தொடங்கியது. கைகள் வெறும் காற்றில் நீண்டிருக்க, தள்ளியவர்கள் அப்படியே நின்றார்கள். பாக்கியம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். கார் மனைக்குத் திரும்பவில்லை. உப்பளம் வரை நேரே போய், அங்கே வளைந்து திரும்பி வந்து, மனை வாசலில் நின்றது. வடிவு எஞ்சினை அணைக்கவில்லை, அணைத்தால் மறுபடி பிடிக்காதோ என்று பயம். அந்தப்பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க அண்ணாச்சி. வீட்டுல விட்டுருதேன்."

ராயப்பன் குழாயைச் சுவரோரம் போட்டுவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஏறினார். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். உப்பளக் காற்று உள்ளே வந்தது. வண்டி வளைவில் திரும்பும்போது அவர் தலையை வெளியே நீட்டிக் கேட்டார்.

"அது என்னம்மா சத்தம்? பின்னால ஙொய்னு."

"பின்சக்கரத்துல பேரிங் தேஞ்சிருக்கு அண்ணாச்சி."

"மாத்துனா போயிருமா?"

"போயிரும். பெறகு வேற எங்கயாவது ஒண்ணு கேக்கும்."

"திரும்பும்போது கூடுதலா கேக்கு."

"ஆமா, எடப்பக்கம் திரும்புனாத்தான்."

"அப்பொ பாரம் விழுற வலது சக்கரமா?"

வடிவு அவரைத் திரும்பிப் பார்த்தாள். "வலதுதான்" என்றாள். வீடு வந்தபோது அவர் உடனே இறங்கவில்லை. தெருமுனை வரை போய் இடப்பக்கம் ஒரு தரம் திரும்பிக் காட்டச் சொன்னார். இன்னாசியம்மாள் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இந்த மனுஷன் எதற்கு வீட்டைத் தாண்டிப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வடிவு காரை மனையில் நிறுத்தி, ஜாக்கி போட்டு அந்த வலது பின்சக்கரத்தைத் தூக்கி வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் கொத்தனார் சாலைப்பக்கச் சுவருக்குக் கயிறு கட்ட வந்தார். ராயப்பன் முன்னாலேயே வந்து நின்றிருந்தார். இரண்டு கையையும் அகல விரித்து, ஒரு கார் நுழையும் அளவுக்கு நடந்து அளந்து காட்டினார்.

"இம்புட்டு எடம் விட்டுக் கட்டு."

"இரும்புக் கேட்டு வருமா அண்ணாச்சி?"

"கேட்டு வேண்டாம். சும்மா வுடு."

"குடோனு கட்டும்போது இடிக்கணுமே. குடோனு எப்பம் ஆரம்பிக்கிய?"

ராயப்பன் காரின் பக்கம் திரும்பினார். காலை வெயில் மனையில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. நிழல் இன்னும் அந்தப்பக்கம் மில் முற்றத்தில்தான் கிடந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குப் பின்னால் போய், குனிந்து, அந்தச் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். லேசாக ஆடியது. காதைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு இன்னொரு தரம் ஆட்டினார்.